கொக்குக் கூஜா

சனோபர் கூஜாவை இன்னும் ஒரு விரல் அளவு சாய்த்தாள். மூடி ‘விழட்டுமா?’ என்று கேட்பதுபோல ஆடியது. சட்டென்று நிமிர்த்தினாள்.

பியாலாவை எட்டிப் பார்த்தாள். கைப்பிடி இல்லாத அந்த வெள்ளைக் கிண்ணத்தின் அடியில் மூன்று வாய்த் தேநீர் கிடந்தது. நான்காவது வாய்க்கு வழியில்லை.

“ஊத்திட்டியாம்மா?” என்று கேட்டார் மெத்தையில் சம்மணம் போட்டிருந்த தோக்தாசின் மாமா.

“இதோ மாமா, இன்னும் கொஞ்சம்...”

“இருக்கட்டும், இருக்கட்டும்.” கையை நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளே பார்த்தார். மார்பிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி மீசை வழியாக வெளியேறியது. “மூணே வாய்! அடேயப்பா, என்ன மரியாதை! உன் மாமனார் இருந்தப்போகூட அரைக் கிண்ணம் ஊத்துவான். நீங்க அவனையே மிஞ்சிட்டீங்க.”

ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

சனோபருக்கு அழுகை முட்டியது. பதினெட்டு நாளாக அவள் முயன்றுகொண்டிருப்பது மரியாதை செய்வதற்கல்ல, அனுப்பி வைப்பதற்கு.

கோகந்தில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. விருந்தாளியின் பியாலாவில் கொஞ்சமாக ஊற்றினால், ‘குடியுங்கள், கொடுங்கள், மறுபடி ஊற்றுகிறேன், எங்களோடு இருங்கள்’ என்று பொருள். விளிம்பு வரைக்கும் ஊற்றினால், ‘இதைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்’ என்று பொருள். வாயால் ‘கிளம்புங்கள்’ என்று சொன்ன வீடு அந்த ஊரில் கிடையாது. சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்குப் பெண் எடுக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். சொல்லவேண்டியதைக் கிண்ணம் சொல்லிவிடும்.

ஆனால் கிண்ணம் சொல்லவேண்டுமானால் முதலில் நிரம்பவேண்டும். அதற்கு அந்தக் கூஜா மனது வைக்கவேண்டும்.

கூஜா போன மாதம்தான் வீட்டுக்கு வந்தது. சனோபரின் கணவன் இல்ஹோம் தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஆண்டின் சிறந்த தொழிலாளி என்று அவனைத் தேர்ந்தெடுத்துக் கைதட்டி, இந்தக் கூஜாவைக் கொடுத்திருந்தார்கள். தலைநகரில் நடந்த ஏதோ வடிவமைப்புப் போட்டியில் முதல் பரிசு பெற்றதாம். பார்ப்பதற்கு ஒரு வெள்ளைக் கொக்கு. நீண்ட கழுத்து, அதன் முனையில் ஊசி மாதிரி அலகு, அந்த அலகில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு விரல் மட்டும் நுழையும் சிறகு. அந்தச் சிறகும் கொதிக்கும். முதுகில் ஒரு மூடி. அதன் மேல் மீன் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. கொக்கு குனிந்தால் மீன் குதித்துவிடும்.

பெட்டியோடு ஒரு காகிதமும் வந்தது. இல்ஹோம் அதை மனப்பாடமே செய்துவிட்டான்.

“‘கோட்டின் எளிமையும் பறத்தலின் கனவும்.’ கேட்டியா சனோபர்? கனவும்!”

“டீயைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?”

“டீயெல்லாம் எதுக்குப் போடுவாங்க? இது கலை.”

கலை வந்த சந்தோஷத்தில், வீட்டிலிருந்த பருத்திப்பூப் போட்ட இரண்டு பழைய நீலக் கூஜாக்களையும் அவன் தொழிற்சாலைக் காவல்காரருக்குத் தானம் செய்துவிட்டான். ஊருக்கெல்லாம் குழாய் செய்கிறவன் வீட்டில் அன்று முதல் தேநீர் சொட்டுச் சொட்டாக வந்தது.

சனோபர் தையல்காரி. கை நுழையாத சட்டையையும் குனிய முடியாத கால்சட்டையையும் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கொக்கைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இதைச் செய்தவன் வாழ்க்கையில் ஒரு தடவைகூட யாருக்கும் தேநீர் ஊற்றியதில்லை. அவனுக்கு யாரோ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தையல்தான் இப்போது பிரச்சினை.

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மாவ்லூதா, முதல் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேருக்கும் சீருடை தைக்கும் வேலையைச் சனோபரிடம் கொடுத்திருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் பெயருக்கு வந்த முதல் பெரிய வேலை. துணியெல்லாம் வெட்டி அடுக்கியாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒப்படைக்கவேண்டும். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. ஒப்படைக்காவிட்டால் சந்தையில் தொங்கும் ஆயத்தச் சீருடையை வாங்கிக்கொள்வதாக மாவ்லூதா சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் ஒரு பொத்தான் தைக்கக்கூட அவளைக் கூப்பிடமாட்டார்கள்.

தையல் மிஷின் இருந்தது விருந்தாளி அறையில். இரும்புக் கால் வைத்த பழைய மிஷின். மிதித்தால் கால் எங்கே போகவேண்டுமோ அங்கே மிதி வந்து நிற்கும். யாரோ ஒரு புண்ணியவான், மனுஷர்களுடைய முழங்காலைப் பார்த்துவிட்டுச் செய்தது. ஆனால் தூக்க நான்கு பேர் வேண்டும். விருந்தாளி உட்கார்ந்திருக்கும் அறையில் கடகடவென்று மிஷின் ஓட்டுவது, அவர் தலைமேல் சம்மட்டி அடிப்பதற்குச் சமம். மிஷினை நகர்த்தினாலோ, ‘நீங்கள் இடைஞ்சல்’ என்று பலகை எழுதி மாட்டியதாகிவிடும்.

தோக்தாசின் மாமா அந்த மிஷின்மேல்தான் தன் தொப்பியைக் கழற்றி வைப்பார்.

அவர் சனோபருடைய மாமனாரின் ராணுவத் தோழர். மாமனார் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. உர்கெஞ்ச் பக்கத்துக் கிராமத்திலிருந்து, நண்பனின் சமாதியைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் போவதாகத்தான் வந்தார். தோக்தாசின் என்றால் ‘இவன் நிலைத்திருக்கட்டும்’ என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் எவ்வளவு நாள் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

தினமும் காலையில் ஒரு நாடகம் நடக்கும். மாமா பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டு, மார்பில் கை வைத்து, “இல்ஹோம் கண்ணு, உத்தரவு கொடுத்தா நான் கிளம்பறேன்” என்பார்.

இல்ஹோம் பதறுவான். “பெரியப்பா! என்ன தப்பு செஞ்சோம் நாங்க? எங்கப்பாவுக்கு உங்க பூட்ஸைக் கழட்டிக் கொடுத்துட்டுப் பனியில நின்னவரு நீங்க. இப்படிச் சொல்லலாமா?”

“இல்லப்பா, தோட்டத்துல முலாம்பழம் பழுத்திருக்கும்...”

“பழுக்கட்டும் பெரியப்பா! உட்காருங்க!”

மாமா உட்கார்ந்துவிடுவார்.

“பையெல்லாம் கட்டித்தான் வெச்சிருக்காரே, ஒரு தடவை சரின்னு சொல்லிப் பாருங்களேன்” என்று சனோபர் ஒருநாள் அடுப்படியில் கிசுகிசுத்தாள்.

“பைத்தியமா நீ? மரியாதைக்குக் கேக்கறாருடி. சரின்னு சொன்னா மனசு உடைஞ்சு போயிடும். நீ டீயை மட்டும் ஒழுங்கா ஊத்து.”

ஒழுங்காக ஊற்றத்தான் அவளும் பார்த்தாள். கணவனுக்குத் தெரியாமல், அவன் வேலைக்குப் போன நேரத்தில், ஒரே ஒரு கிண்ணத்தை நிரப்பிவிட்டால் போதும். மிஷின் ஓட்டக் கொஞ்ச நேரமாவது கிடைக்குமே என்று, ‘வெளியே கொஞ்சம் உலாவிட்டு வாங்களேன் மாமா’ என்றும் சொல்லிப் பார்த்தாள்.

“ஐயையோ வேணாம்மா. நான் வெளிய போயிருக்கறப்போ நீ டீ ஊத்திட்டீன்னா?” என்றார் அவர் கவலையோடு.

இப்படி ஒரு தேநீர்ப் பேராசையை அவள் எங்கும் பார்த்ததில்லை.

அன்று திங்கட்கிழமை. மாமாவிடமிருந்து காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தவள், கொக்கின் அலகைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். உள்ளே தேயிலை அடைத்திருந்தது.

“மூக்கடைப்பா உனக்கு? இரு வரேன்.”

காலுறை பின்னும் ஊசியை எடுத்து அலகுக்குள் விட்டுக் குடைந்தாள். புதிதாகத் தேநீர் போட்டாள். வழக்கப்படி மூன்று தடவை கிண்ணத்தில் ஊற்றி மறுபடி கூஜாவுக்குள் ஊற்றவேண்டும். கொக்கின் முதுகு ஓட்டை வாதுமைக் கொட்டை அகலம்தான் என்பதால் பாதி தேநீர் கூஜாவுக்குள் போனது, பாதி அவள் மணிக்கட்டில் போனது. இதற்குள் தேநீர் பாதி ஆறியும் விட்டது.

அறைக்கு வந்து, மாமாவின் எதிரில் மண்டியிட்டு, இடது கையை மார்பில் வைத்துக்கொண்டு கொக்கைக் குனிய வைத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

லேசாக ஒரு குலுக்கு குலுக்கினாள்.

ஊசி தள்ளிய தேயிலை அலகின் நுனியில் குறுக்காகச் சிக்கியிருந்தது போலும். தேநீர் மெல்லிய கம்பியாகக் கிளம்பி, பியாலாவைத் தாண்டி, ரொட்டியைத் தாண்டி, நேராக மாமாவின் சட்டை மார்பில் போய் ‘சர்ர்ர்’ என்று அடித்தது. தொழிற்சாலையில் குழாய்க்குச் சோதனை வைப்பார்களே, அந்த மாதிரி.

“அடடா! குறி தப்பலை” என்று சிரித்தார் மாமா. “எங்க பட்டாளத்துல நீ இருந்திருக்கணும்.”

சரியாக அந்த நேரம் பார்த்து இல்ஹோம் வேலை முடிந்து உள்ளே வந்தான். பெரியப்பாவின் மார்பில் தேநீர் வழிவதைப் பார்த்தான். அவன் முகம் கொக்கைவிட வெள்ளையானது.

“பெரியப்பா மேல டீயைக் கொட்டிட்டியா!”

“கொட்டலைங்க. அதுவா பறந்துச்சு. பறத்தலின் கனவு.”

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டியைத் திறந்து, அப்பாவின் பருத்தி அடைத்த கோடு போட்ட மேலங்கியை எடுத்துவந்து மாமாவின் தோளில் போர்த்தி, இடுப்பில் துணியும் கட்டிவிட்டான்.

“ஆகஸ்ட் மாசம்பா” என்றார் மாமா பரிதாபமாக. நெற்றியில் வியர்வை அரும்பியது. “இதைப் போத்திக்கிட்டு நான் எப்படிக் கிளம்புவேன்?”

“கிளம்பறதா? மேலங்கி போர்த்தினவருக்கு விருந்து வைக்காம அனுப்பினா தெரு சிரிக்கும். வியாழக்கிழமை இந்த அறையிலதான் புலாவ். இருபது பேரைக் கூப்பிடறேன்!”

மாமா மிஷின்மேல் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். சனோபர் அடுப்படிக்குப் போய் முப்பத்திரண்டு ஜோடிச் சட்டைக் கைகளை எண்ணிப் பார்த்தாள். தைக்காத கைகள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு மூளை வேலை செய்தது. கூஜா திருந்தாது. சரி. கிண்ணத்தைத் திருத்தினால்? மூன்று வாய்தான் வரும் என்றால், மூன்று வாய் மட்டுமே பிடிக்கும் கிண்ணம் ஒன்று வேண்டும். ஆளுக்குத் தகுந்தபடி துணி வெட்டுகிறவளுக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை?

வெங்காயத்துக்குக் காடி ஊற்றி வைக்கும் குட்டிக் கிண்ணத்தை மூன்று தடவை கழுவினாள். கொக்கு குனிந்தது. ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். தேநீர் விளிம்பைத் தொட்டு, கொஞ்சம் மேலேகூடப் புடைத்துக்கொண்டு நின்றது.

சனோபர் மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கையாலும் நீட்டினாள்.

மாமா வாங்கினார். அவர் புருவம் மேலே போனது. பாதி எழுந்தார். கதவோரப் பையைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். கிண்ணத்தை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை திருப்பினார்.

“மகளே... இது நிறைஞ்சிருக்கா, இல்ல கிண்ணம் சின்னதா?”

என்ன பதில் சொல்வது? நிறைந்திருக்கிறது என்று வாயால் சொன்னால், கிளம்பு என்று வாயால் சொன்ன கணக்காகிவிடும். அவள் தலைத்துணி முனையைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள்.

மாமா கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கைபேசியோடு முற்றத்துக்குப் போனார். தினமும்தான் போவார். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று குசுகுசுவென்று பேசுவார். அன்று ஜன்னல் வழியாகத் துண்டுத் துண்டாகக் காதில் விழுந்தது.

“...ஆமாடி, விளிம்பு வரைக்கும்... ஆனா குட்டி, இத்தினியூண்டு... நம்ம மசூதிப் பெரியவரைக் கேட்டுச் சொல்லேன்...”

ஊரெல்லாம் கூப்பிட்டுப் பெருமையடிக்கிறார் என்று சனோபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் கைபேசி ஒலித்தது. மாமா கேட்டார். தோள் தொங்க உள்ளே வந்து உட்கார்ந்தார். மேலங்கியின் கைகள் தரையைத் தொட்டன.

சாயங்காலம் இல்ஹோம் அந்தக் குட்டிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டான்.

“இதென்ன, பெரியப்பாவுக்குக் காடிக் கிண்ணத்துல டீ?”

சனோபருக்கு வாயில் வந்தது பொய். “மாமாவுக்குக் கை நடுங்குதுங்க. பெரிய கிண்ணம் கனமா இருக்குமேன்னு...”

“கை நடுங்குதா!” இல்ஹோம் பாய்ந்துபோய் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “ஏன் பெரியப்பா எங்கிட்டச் சொல்லலை?”

“எனக்கு ஒண்ணும் நடுங்கலையேப்பா.”

“இப்பவே நடுங்குதே!”

“நீதான் பிடிச்சு ஆட்டறே!”

“மறைக்காதீங்க. எங்க தொழிற்சாலை டாக்டர் நரம்புல கெட்டிக்காரர். சனிக்கிழமை நேரம் வாங்கிடறேன். அதுவரைக்கும் அசையக் கூடாது நீங்க.”

வியாழன் வரை என்றிருந்தது இப்போது சனி வரை என்று ஆகிவிட்டது. தன் வாயைத் தைத்துக்கொள்ளக்கூட மிஷின் கைக்குக் கிடைக்கவில்லையே என்று சனோபர் நினைத்தாள்.

புதன்கிழமை காலையில் மாவ்லூதாவின் போன் வந்தது.

“எத்தனை முடிஞ்சிருக்கு சனோபர்?”

“எல்லாம்... வெட்டியாச்சு டீச்சர்.”

“வெட்டினதைப் போட்டுக்கிட்டா பிள்ளைங்க வரும்? வெள்ளிக்கிழமை நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.”

போனை வைத்தவள் நேராகப் பக்கத்து வீட்டுச் சுவரருகே போய் நின்றாள். “ஷரோஃபத் அக்கா! ஒரு கூஜா கொடுங்கக்கா!”

சுவருக்கு மேலே ஷரோஃபத்தின் தலை முளைத்தது. “உங்க வீட்லதான் முதல் பரிசுக் கொக்கு இருக்காமே? உன் புருஷன் தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காமிச்சானே.”

“கொக்கு நோன்பு இருக்குக்கா. ஒண்ணும் இறங்க மாட்டேங்குது.”

“விருந்தாளி இன்னும் போகலையா?”

சனோபர் கூஜாவுக்குக் கை நீட்டினாள். ஷரோஃபத் அவள் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் கொண்டுவந்த கூஜா அழகுப் போட்டிக்குப் போனால் வாசலிலேயே விரட்டப்படும். பழுப்பேறிய உடம்பு, கம்பி போட்டு ஒட்டிய விரிசல். மூக்கு உடைந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஷரோஃபத்தின் புருஷன் கூரைக்கு மழைநீர்த் தகரம் அடிக்கிறவர். மீந்த தகரத்தில் ஒரு மூக்கைச் செய்து அடித்துவிட்டிருந்தார். கூரைத் தண்ணீரை எப்படி இறக்குவாரோ அப்படி.

“பார்த்து ஊத்து. மழைக்காலம் மாதிரி வரும்” என்றாள் ஷரோஃபத்.

“அதுதாங்கக்கா வேணும்.”

கைப்பிடியில் நான்கு விரலும் நுழைந்தன. சுடவில்லை. மூடியை நூலில் கட்டியிருந்ததால் அது எங்கும் குதிக்கவில்லை. சனோபர் பெரிய பியாலாவையே எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். இல்ஹோம் வேலையில் இருந்தான். வெளிக் கதவு சாத்தியிருந்தது. மாமா மேலங்கிக்குள் வெந்துகொண்டிருந்தார்.

மண்டியிட்டாள். மார்பில் கை வைத்தாள். சாய்த்தாள்.

மடமடவென்று விழுந்தது தேநீர். அரைக் கிண்ணம். முக்கால். ஒரு கணம் அவள் கை தயங்கியது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் வெட்டிய துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் சாய்த்தாள். தேநீர் விளிம்பைத் தொட்டு, விளிம்பைத் தாண்டி, அவள் விரலையும் நனைத்தது.

மாமா கிண்ணத்தைப் பார்த்தார்.

அவமானத்தில் முகம் கறுக்கும், பழைய ராணுவக்காரர் ஆயிற்றே, ஏதாவது சொல்லிவிடுவார் என்று சனோபர் பயந்திருந்தாள். அதெல்லாம் நடக்கவில்லை. மாமாவின் முகம் தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி மலர்ந்தது. பெரிய மனுஷர், அவமானத்தைக்கூடச் சிரித்துக்கொண்டே விழுங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“நல்லா இரு மகளே! நூறு வருஷம் நல்லா இரு!” மிஷின்மேலிருந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேலங்கி இடுப்புத் துணியை இறுக்கினார். ஒரு கையால் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனார்.

கதவு திறந்தது.

நாளை விருந்துக்குப் பெரிய கொப்பரையைக் கொண்டுபோய்க் கழுவ ஆள் பார்த்திருந்த இல்ஹோம், அதை எடுக்க வந்தவன், வாசலிலேயே நின்றான். பெரியப்பாவின் மடியில் பை. கையில், தளும்பத் தளும்ப, கூரைத் தண்ணீர் போல நிறைந்த கிண்ணம்.

“வேண்டாம் பெரியப்பா!”

விஷக் கிண்ணத்தைப் பிடுங்குவதுபோல ஒரே தாவாகத் தாவிப் பிடுங்கினான். கீழே கொட்டினால் மரியாதை இல்லை. வைத்தாலும் மரியாதை இல்லை. ஆகவே அவனே மடக்மடக்கென்று முழுவதையும் குடித்தான். ஷரோஃபத்தின் கூஜா சூட்டைக் காப்பாற்றுகிற கூஜா.

“ம்மன்னிஷ்ஷிடுங்க!” என்றான், நாக்கைத் தொங்கப்போட்டபடி. “இவ ஷின்னப் பொண்ணு. கூஜா பழக்கமில்லாதது. கை தவறிடுஷ்ஷி!”

“இல்லப்பா, அவ நல்லாத்தான் ஊத்தினா...” மாமாவின் குரல் உடைந்தது.

“பார்த்தியா சனோபர்? இவ்வளவு செஞ்சும் உன்னை விட்டுக்கொடுக்கலை!” இல்ஹோம் அடுப்படிக்கு ஓடினான். கொக்கைக் கொண்டுவந்தான். சூடான சிறகை இரண்டு விரலால் பிடித்து, அவனே மண்டி போட்டு, அவனே ஊற்றினான். ஒரு வாய். இரண்டு வாய். மூன்று வாய்.

“இந்தாங்க பெரியப்பா. இதுதான் எங்க வீடு. இன்னொண்ணு சொல்றேன், மறுக்கக் கூடாது. அக்டோபர்ல என் தங்கச்சி பையனுக்குச் சுன்னத்து விழா. எங்கப்பா இடத்துல நீங்கதான் முன்னாடி உட்காரணும். அதுவரைக்கும் இந்த அறை உங்களுது. தையல் மிஷினைக்கூட வேணும்னா வித்துடலாம், கால் நீட்ட வசதியா இருக்கும்.”

தோக்தாசின் மாமா கிண்ணத்துக்குள் பார்த்தார். மெல்லப் பையை மடியிலிருந்து இறக்கினார். தொப்பியைக் கழற்றி மிஷின்மேல் வைத்தார். அவர் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு உருண்டு, மூன்று வாய்த் தேநீரை மூன்றேகால் ஆக்கியது.

“ஆனந்தக் கண்ணீர்” என்றான் இல்ஹோம், நாக்கு வலியோடு மனைவியிடம். “மனுஷங்க மனசைப் புரிஞ்சுக்கத் தெரியணும்டி.” கொப்பரையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வெளியே போனான்.

சனோபர் அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் கொக்கு. மீன் மூடி பல்லைக் காட்டியது. அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னல் விளிம்பில் மின்னேற்றப் போட்டிருந்த மாமாவின் கைபேசி அலறியது. மாமா எழுந்து வரும் சத்தம் கேட்கவில்லை. அலறல் நிற்பதாகவும் இல்லை. எடுத்தாள்.

“ஹலோ?”

“யாரு, கோகந்து மருமகளா?” உர்கெஞ்ச் இழுவையோடு ஒரு வயதான பெண் குரல். “நான் தோக்தாசினோட வீட்டுக்காரி பேசறேம்மா.”

“சொல்லுங்க அத்தை. மாமா அறையில இருக்காரு. கூப்பிடட்டுமா?”

“வேணாம், வேணாம், உங்கிட்டத்தான் பேசணும். பெரிய மனசு பண்ணி நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க அத்தை.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“‘இன்னிக்கும் மூணு வாய்தான் ஊத்தினாங்க, இன்னிக்கும் என்னை விடலை’ன்னு மனுஷன் தினமும் போன்ல அழறாரும்மா, இங்க முலாம்பழமெல்லாம் கொடியிலயே அழுகுது, உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரே ஒரு கிண்ணம் விளிம்பு வரைக்கும் ஊத்தி அவரை அனுப்பி வையேன்!”